மூன்று மாதத்துக்குள் கை மடங்குகிறதா?

பிரசவத்தில் குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டு கழுத்து இழுபட்டால், கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்களின் பின்னல் காயப்படலாம். கை துவண்டு கிடக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். யாருக்குச் சரியாகாது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு குழுவே வேண்டும்.

புனேயில் எங்கள் குடியிருப்பில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆனது. பிசியோதெரபிஸ்ட் அதன் அம்மாவுக்கு, குழந்தைக்குச் சட்டை போடுவதிலிருந்தே சொல்லிக்கொடுத்தார்: போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது கடைசியில். டயப்பர் மாற்றும்போதெல்லாம் தோளை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிவிட வேண்டும். பாட்டியும் பழகிக்கொண்டார். அவர்களும் அந்தக் குழுவில் சேர்த்திதான்.

மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவில்லை என்றால் நரம்பு அறுவை நிபுணர் முடிவெடுக்க வேண்டிய நேரம். தேவைப்பட்டால் கெண்டைக்காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்டுவார்கள். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும், தாமதித்தால் அது போய்ச் சேரும்வரை தசை தாங்காது. அதனால்தான் இவ்வளவு அவசரம். பிறகும் தோள் மூட்டு விலகாமல் எலும்பு மருத்துவர் வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

இதற்கான நிபுணர்கள் புனேயிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் கோவை கங்கா மருத்துவமனை இருக்கிறது. கை அசையாத பச்சிளம் குழந்தை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், முதல் மாதத்திலேயே நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள். 'போகப் போகச் சரியாயிடும்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.