பிள்ளைகளின் பந்தி

ஆயர் தாவார் என்னும் எமது சிற்றூரின் பெயரைக் கேட்ட தமிழ் நாட்டு அன்பர் ஒருவர், "அஃது ஆயர்கள் வாழ்ந்த ஊரோ?" என்று வினவினார். அன்று. மலாய் மொழியில் ஆயர் என்பது நீர். தாவார் என்பது உப்பற்றது. உப்பற்ற நீர் ஊருக்கு நன்மையே. உப்பற்ற விசுவாசம் யாருக்கு நன்மை? எழுபத்து மூன்று வயதளவும் யான் சுமந்து வந்தது அதுவே என்பதைச் சென்ற பள்ளி விடுமுறையில் எனக்குக் காட்டியவர்கள் என் மகன் வழிப் பேரப்பிள்ளைகள் இருவர். மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஐந்து.

எமது வீட்டின் பின்புறம் முன்னாளில் ரப்பர்த் தோட்டம். இன்று கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. வேலியோரம் தப்பிப் பிழைத்த பால்மரங்கள் இரண்டு உண்டு. அவற்றின் நிழலில் பிள்ளைகள் கோயில் விளையாட்டு நடத்தினார்கள். பழைய பலகை பீடமாயிற்று. தேங்காய்ச் சிரட்டை காணிக்கைத் தட்டு. ரப்பர்க் கொட்டைகள் காணிக்கை. பேத்தியே போதகர். சபையார் மூவர்: என் பேரன், எதிர்வீட்டுச் சிறுமி, பின்வீட்டுச் சீனச் சிறுவன். 1903ஆம் ஆண்டு லூரிங் பாதிரியார் அழைத்து வந்து சித்தியவானில் குடியேற்றிய ஃபூச்சோவ் கிறிஸ்தவர்களின் இனத்தவன் அச்சிறுவன். தமிழ் அறியான். "ஆமென்" என்பதை மட்டும் உரத்துச் சொன்னான், அதுவே போதியதாயிருந்தது.

யான் சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் எழுந்தான், கைகளைப் பின்னே கட்டினான், தொண்டையைக் கனைத்து நெடுநேரம் செபித்தான். சொற்களில் பொருள் இல்லை. குரலோ என்னுடையது! "தாத்தா செபம் முடியவே முடியாது, உட்காரு!" என்றாள் போதகர். எல்லோரும் சிரித்தார்கள். யானும் சிரித்தேன், ஆயினும் உள்ளே சுருக்கென்றது.

அந்த எதிர்வீட்டுச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பாட்டனாரும் யானும் ஒரே பெரட்டில் நின்று, அடுத்தடுத்த நிரைகளில் பால்மரம் வெட்டியவர்கள். ஒரே ஆலயத்தில் முழங்காற்படியிடுகிறவர்கள். பதினோராண்டுகளுக்கு முன் அவர் தம் மகனுக்கு என் தம்பி மகளைப் பெண் கேட்டார். தடுத்தவன் யான். பிள்ளை படித்தவன், நல்லவன். என் பாட்டனார் கப்பலேறியபோது மூட்டையோடு மூட்டையாய்க் கொண்டுவந்த சாதி அவனுடையதன்று, குறை அவ்வளவே. அன்று முதல் இரு வீட்டிற்கும் பேச்சில்லை. அவன் வேறிடத்தில் மணம் புரிந்தான். இச்சிறுமி அவன் மகள்.

இந்நோய் எனக்கு மட்டும் உரியதன்று. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிக என்று கட்டளையிட்டபோது, தஞ்சையில் பெரும் புலவராய் விளங்கிய வேதநாயக சாஸ்திரியாரே அதனை எதிர்த்தார். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் இரு பிரிவாரையும் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. சுவரை இடிக்க ஆட்கள் கிடைத்தார்கள். என்னுள் இருந்த சுவருக்கு யார் வருவார்?

விளையாட்டில் திருவிருந்து தொடங்கிற்று. அப்பத்திற்கு ஒரு பிஸ்கட். அதற்குள் என் பேரன் அச்சிறுமியின் கொட்டைகளைப் பறித்துக்கொள்ள, அவள் அழுதாள். போதகர் பிஸ்கட்டை மறைத்தார். "சண்டை போட்டவர்களுக்கு அப்பம் இல்லை, முதலில் ராசியாகுங்கள்!" அயலாரோடு சமாதானமாயிருப்போரையே பந்திக்கு அழைக்கும் வாசகத்தை ஆலயத்தில் அவள் கேட்டிருக்கிறாள். யானும் ஐம்பதாண்டு கேட்டேன். பேரன் சிரட்டையோடு அவ்வளவையும் கொடுத்துவிட்டான், பறித்ததினும் மிகுதி. அடுத்த நொடியில் இருவரும் சிரித்தார்கள்.

பரலோக ராஜ்யத்தில் பெரியவன் யார் என்று சீடர் கேட்டபோது இயேசு ஒரு குழந்தையை நடுவே நிறுத்தியதை மத்தேயு எழுதுகிறார். அதன்மேல் பிரசங்கமும் செய்திருக்கிறேன். குழந்தையின் தாழ்மை என்றால் சாது குணம் என்றெண்ணியிருந்தேன். எங்கள் பிள்ளைகளோ சாதுக்கள் அல்லர். ஒருத்தி அதிகாரி, ஒருவன் பறிகாரன். ஆனால், தவறு என்று கண்டதும், கொடுத்தபின் தம் மதிப்பில் மீதி என்ன என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பேத்தி என்னிடம் வந்தாள். "தாத்தா, நீங்களும் வாருங்கள். உங்களுக்கு யாரோடாவது சண்டை உண்டா?"

யான் வாய் திறக்குமுன் சிறுமி சொன்னாள்: "எங்கள் தாத்தாவோடு பேசமாட்டார்." அதில் கோபம் சிறிதும் இல்லை, மழை வருகிறது என்பதுபோற் சொன்னாள்.

"அப்படியானால் உங்கள் துண்டை எடுத்து வைக்கிறேன், போய்விட்டு வாருங்கள்" என்றாள் பேத்தி.

சாலையைக் கடக்க எனக்கு நெடுநேரமாயிற்று. அவர் கறிவேப்பிலைச் செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வயது மூத்த அவரை யான் வாழ்நாளெல்லாம் பெயர் சொல்லியே அழைத்தவன். "அண்ணே" என்றேன்.

வாளி கீழே விழுந்தது. "பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று பதறினார்.

"இல்லை, அண்ணே. பிள்ளைதான் அனுப்பினாள்."

அவர் வாயிற்கதவின் கொக்கியை எடுத்தார். யான் வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. எனக்கென்று வைத்த துண்டைப் பேரன் தின்றுவிட்டிருந்தான்.