மழையிடம் கேட்ட நாள்

2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை சாம்பல்தீவில் எங்கள் இல்லத்தை வாரிச் சென்றது. 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் கட்ட முனைந்தோம். ஆவணியில் நல்ல நாள் இருந்தது. மூத்த மேசனோ உடன்படவில்லை. "ஐப்பசியில் மாரி பிடித்துவிடும். அத்திவாரம் இறுகவேண்டும், கொங்கிறீற்றுக்கு ஏழு நாளேனும் நீர் விடவேண்டும், ஓடு வேய்ந்த பின்னரே மழை வரலாம். தை பிறக்கட்டும்" என்றார்.

"பிறர் கூரையின்கீழ் ஐந்து மாரி போதாதா?" என்று அன்னையார் கண்கலங்கினார். ஆயினும் பொறுத்தோம்.

2010 தையில் அத்திவாரமிட்டு, ஆவணியில் ஓடு வேய்ந்து குடிபுகுந்தோம். 2011 சனவரியில் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, அன்னையார் எங்கள் விறாந்தையில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லம் எடுப்போர் பஞ்சாங்கத்தோடு பருவத்தையும் பார்ப்பது நன்று.