பழைய லேப்டாப்பும் நம் படங்களும்

புது லேப்டாப் வாங்குங்கள் தோழர் என்கிறார்கள். பத்து வருடப் பழசு. கள ஆய்வில் எடுத்த ஒரு படத்தைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். 4 ஜிபி ரேமை 8 ஆக்கினேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் லினக்ஸ். இப்போது ஓடுகிறது.

படத்தைத் திருத்த டார்க்டேபிள். இலவசம் என்பது மட்டுமல்ல, வெளிச்சத்தைக் கூட்டினாலும் மூலப் படத்தை அது தொடாது. மாற்றங்களைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கும். நமக்கு இதுதான் முக்கியம். எரிந்த குடிசையையும் சுடுகாட்டுப் பாதையை அடைத்த முள்வேலியையும் அழகுக்காகவா எடுக்கிறோம்? நாளை வன்கொடுமை வழக்கில் அவை சாட்சியம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்துடன் தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

மிச்சமான காசில் எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஊரிலிருந்து திரும்பிய அன்றே மூலப் படங்கள் இரண்டிலும் ஏறிவிடும். ஒன்று என்னிடம், மற்றொன்று வேறு ஊரில் ஒரு தோழரிடம். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தை மூலம் என்று வைத்திருக்காதீர்கள், தம்பி தங்கைகளே. அது சுருக்கிய நகல். எடுத்த நேரம்கூட அதில் இருக்காது.