திம்பம் ஏற்றத்தில் ஹோல்டு பிரேக்

ஜூலை 7, திங்கள். பண்ணாரி

மாலை 6 முதல் காலை 6 வரை திம்பம் மலையில் லாரிக்குத் தடை. கோவையில் பம்ப்செட் ஏற்றி முடிக்கவே நேரமாகிவிட்டது, செக்போஸ்டில் படுக்கை. இது முதலாளி புதிதாக எடுத்த ஆறு சக்கர வண்டி; சுமையோடு 16 டன். ஹோல்டு சுவிட்ச் உள்ள வண்டியை மலையேற்றப் போவது இதுதான் முதல் தடவை. வண்டியை நிறுத்தி பிரேக் மிதியை நன்றாக அழுத்தினால் மீட்டரில் விளக்கு எரியும். காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தே இருக்கும். கிளட்ச் கவ்வி ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தானாக விட்டுவிடும். ஷோரூம் மெக்கானிக் காட்டிக்கொடுத்தது இவ்வளவுதான்.

ஜூலை 8, செவ்வாய். ஆசனூர்

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனாலும் மேலிருந்து பஸ் வளைவை முழுசாக அடைத்துத் திரும்பும்போது நின்றுதான் ஆகணும். நின்ற வண்டியை எடுப்பதுதான் கஷ்டம். கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குப் போகிற அந்த நொடியில் லோடு வண்டி பின்னால் நழுவும். பின்னாலேயே ஒரு கார் ஒட்டி நிற்கும். பழைய வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, கிளட்சைப் பாதி விட்டு, வண்டி முன்னுக்குத் திமிறும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவேன். கிளட்ச் பிளேட் கருகுகிற நாற்றம் கேபினுக்குள் ஏறும். அதற்குள் கிளீனர் தம்பி கட்டையோடு குதித்து, பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருப்பான். உருளப் பார்க்கிற சக்கரத்துக்குக் கீழே கையை நீட்டுகிற வேலை அது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கும்.

இன்றைக்குப் பஸ் வந்தது. நிறுத்தி அழுத்தினேன், விளக்கு எரிந்தது, காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. தம்பி கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இறங்கட்டுமாண்ணே?" என்றான். "வேணாம், உட்காருடா." பஸ் போனதும் முதல் கியரில் கிளட்சை விட, வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. இந்த ஒன்றுக்காகவே இந்த வண்டிக்குக் கொடுத்த காசு தகும்.

ஜூலை 9, புதன். மைசூர்

லோடு இறக்கியாச்சு. குடோனில் பின்னால் எடுத்துச் சேர்க்கும்போது ஹோல்டை அணைத்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிற இடத்தில் அது சும்மா சும்மா பிடித்துக் குலுக்குகிறது.

ஜூலை 10, வியாழன். சாம்ராஜ்நகர்

முட்டைக்கோஸ் லோடு. டீக்கடையில் இன்னொரு டிரைவர், சரிவில் ஹோல்டு போட்டுவிட்டு இறங்கித் தார்ப்பாய்க் கயிறு இறுக்குவாராம். கேட்டதும் பதறிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கில் சக்கரத்தைப் பிடிப்பது ஸ்பிரிங். ஓடும்போது காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும். லிவரை இழுத்தால் காற்று வெளியேறி, ஸ்பிரிங் விரிந்து பிரேக் இறுகும். ராத்திரியெல்லாம் நின்று டேங்கில் காற்றே தீர்ந்தாலும் அந்தப் பிடி விடாது. ஹோல்டு அதற்கு நேர் எதிர். கால் பிரேக்குக்குப் போன காற்றை வால்வு அடைத்து வைத்திருப்பதால்தான் வண்டி நிற்கிறது. காற்று கசிந்தால் பிடி தளரும். சில வண்டியில் காலை எடுத்து இரண்டு மூன்று நொடியிலேயே அதுவாக விட்டுவிடும். நம் வண்டி எந்த ரகம் என்று சமதளத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் மலையேறணும். அவர் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி. பண்ணாரி

இறக்கத்தில் ஹோல்டுக்கு வேலை இல்லை. ஏறின கியரிலேயே, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்கினேன். தம்பி அடுத்த வருஷம் ஹெவி லைசென்ஸ் எடுக்கணும் என்கிறான். எடுக்கட்டும், சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இவன் மாதிரிப் பையன்களுக்கு அந்த ஹோல்டு சுவிட்சில் இருப்பது இங்கிலீஷ் எழுத்தும் ஒரு படமும்தான். வண்டி செய்கிற கம்பெனிக்காரர்கள், 'இறங்குமுன் ஹேண்ட் பிரேக் போடவும்' என்று தமிழில் ஒரு வரி டேஷ்போர்டில் ஒட்டிக்கொடுக்கணும்.