சுவாமி மலையின் அடிவாரத்தில்

திருகோணமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் சுவாமி மலையின் உச்சியில் நின்று கீழே நோக்காமல் திரும்புவதில்லை. இராவணன் வெட்டு என்னும் அப்பெரும் பிளவின் அருகே நின்று பார்த்தால், நீலக்கடல் பாறையில் மோதி வெண்ணுரையாய்ச் சிதறுவது தெரியும். மாணவர்களை அழைத்துச் சென்ற சுற்றுலாக்களில் நானும் எத்தனையோ முறை அவ்விடத்தில் நின்றிருக்கிறேன். "பழைய கோயிலின் கற்கள் இக்கடலின் அடியிலே கிடக்கின்றன" என்று அவர்களுக்குச் சொல்வேன். சொல்வதோடு சரி, அவற்றைக் கண்ணாற் காணும் எண்ணம் எனக்கு உண்டானதில்லை.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர் என்பது யாவரும் அறிந்த சரித்திரம். கற்களில் ஒரு பகுதி கடலையும் சேர்ந்தது. 1950ஆம் ஆண்டில் திருகோணமலையில் நிலத்தைத் தோண்டியபோது சில வெண்கல விக்கிரகங்கள் வெளிவந்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இம்மலையடியில் மூழ்கி, செதுக்கிய தூண்களைக் கடலடியிற் கண்டனர். முதுகிற் சிலிண்டர் சுமந்து நீருக்குள் மூச்சு விடும் கருவியைப் பிரான்சிய நாட்டவரான கூஸ்தோவும் கஞானும் 1943இல் அமைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

இந்த ஆசையை என்னுள் மூட்டியவன் என் தமக்கையின் மகன். வெளிநாட்டிற் படிக்கப் போகவிருந்தான். தகப்பனார் உயிரோடிருந்த காலத்தில் சிவராத்திரிதோறும் அவனைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிச் செல்வார். "போகுமுன் அந்தக் கற்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், மாமா" என்றான். அவனுக்குத் துணையாக நாற்பத்தாறு வயதில் நானும் நிலாவெளியிலே சுழியோடக் கற்றுக்கொண்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையைத் தெரிந்தோம். வாடைக் காலத்தில் அக்கடலை நெருங்க இயலாது. கச்சான் வீசும் மாதங்களில் மலை காற்றை மறைத்து நிற்பதால் அடிவாரம் அமைதியாயிருக்கும். அவ்வமைதி ஏமாற்றக்கூடியது என்று படகோட்டி எச்சரித்தார். மலையின் மறைவைவிட்டு விலகினால் அதே காற்று மனிதரைக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குத் தள்ளிச் சென்றுவிடும். ஆகவே படகு எங்களை இறக்கிவிட்டு வேறெங்கும் போகாமல், நாங்கள் விடும் குமிழிகளைப் பின்தொடர வேண்டும் என்று முடிவாயிற்று. காற்று எழுமுன், காலை ஏழு மணிக்கே நீரில் இறங்குவது என்றும் தீர்மானித்தோம்.

நாங்கள் இறங்க எண்ணிய ஆழம் பத்து மீற்றர். "பத்து மீற்றர்தானே!" என்று வாசகர் நினைக்கக்கூடும், நானும் அவ்வாறே நினைத்தேன். இருபது ஆண்டுகளாகப் போயிலின் விதியைக் கற்பித்தவன் அப்படி நினைத்தது வெட்கத்திற்குரியது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரண்டு வளிமண்டலம். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். முப்பது மீற்றரிலிருந்து இருபதுக்கு ஏறினாலோ மூன்றில் ஒரு பங்கே விரியும். எனவே ஆழங்குறைந்த நீரிலேதான் நுரையீரலுக்கு ஆபத்து மிகுதி; மூச்சைப் பிடித்தபடி ஓரிரு மீற்றர் எழுந்தாலும் அது கிழியக்கூடும். மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நம் முன்னோர் மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினர். அவர்களுக்கு அது பொருந்தும், அம்மூச்சு மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் மீளும். கீழே சிலிண்டர்க் காற்றைச் சுவாசிப்பவனோ ஒரு கணமும் மூச்சை அடக்கலாகாது.

முதல் நாள் இரவு கடதாசியில் கணக்குப் போட்டேன். சிலிண்டரின் கொள்ளளவு 12 லீற்றர். 200 பார் அமுக்கத்தில் 2,400 லீற்றர் காற்று அடங்கும். 50 பார் எஞ்சியதும் மேலேறத் தொடங்க வேண்டும். அதற்கு 600 லீற்றர் போக 1,800. நிலத்தில் நிமிடத்திற்கு 20 லீற்றர் வேண்டுமெனின் அந்த ஆழத்தில் 40. ஆக 45 நிமிடம். ஏறும்போது நிமிடத்திற்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாத வேகம்; ஐந்து மீற்றரில் மூன்று நிமிடத் தரிப்பு. மருமகனின் விமானம் ஞாயிறு மாலை. நீரினின்று ஏறியபின் விமானத்தில் ஏறுவதற்கு ஒருமுறை மூழ்கியவர் பன்னிரண்டு மணித்தியாலமும், பலமுறை மூழ்கியவர் பதினெட்டும் பொறுக்க வேண்டும் என்பர். வீட்டுப் பிள்ளை விடயத்தில் நான் ஒரு நாள் முழுவதையும் விட்டேன். சனிக்கிழமை தவறினால் வேறு நாள் இல்லை.

காலையில் தேநீர் குடிக்கும்போது, "மாமா, சீனி போதுமா?" என்றான். அந்தக் குரலே காட்டிக்கொடுத்தது.

"உனக்குத் தடிமனா?"

"சும்மா, இரவு கொஞ்சம் மூக்கடைத்தது. குளிசை போட்டுவிட்டேன்."

நான் பேசாதிருந்தேன். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் மெல்லிய குழாய் வீங்கியிருந்தால், இறங்கும்போது செவியினுள் அமுக்கத்தைச் சமப்படுத்த முடியாது, செவிப்பறை கிழியலாம். குளிசை அதைச் சிறிது நேரம் திறந்துவைத்தாலும், அதன் வேகம் நீருக்குள்ளே தணிந்தால் காற்று வெளியேற வழியின்றித் திரும்பும் பயணமே துன்பமாகும். சுகநலப் படிவத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் அவன் "இல்லை" என்றே எழுதியிருந்தான். அதைக் கிழித்துவிட்டு உண்மையை எழுதச் சொன்னேன். எழுதினான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழிகாட்டி அதை வாசித்துவிட்டு, "தம்பி படகில் இருக்கட்டும், சேர்" என்றார்.

நானும் இறங்குவதில்லை என்று சொன்னேன். பிள்ளையின் ஆசையை மறித்துவிட்டு அதே ஆசையை நான் தீர்த்துக்கொள்வது எவ்வாறு? கரைக்குத் திரும்புவோம் என்று எழுந்தபோது அவனே என் கையைப் பிடித்து இருத்தினான். "நீங்கள் பார்த்தால்தான் அம்மாவிடம் சொல்லலாம். போங்கள், மாமா. நேரத்தை நான் பார்க்கிறேன்."

வழிகாட்டியும் நானும் இறங்கினோம். மலை நீருக்குள்ளும் மலையாகவே சென்றது. மேலே அமைதியாகத் தெரிந்த அலை, கீழே எம்மைப் பாறைப் பக்கம் தள்ளுவதும் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தது. அதனால் சுவரினின்று எட்டியே நீந்தினோம். முருகைக்கற்களின் இடையே ஏராளமான மீன்கள். எதையுந் தொடலாகாது, ஒரு சிறு கல்லையேனும் எடுக்கலாகாது என்பது முன்னரே பேசிய ஒழுங்கு. சற்றுத் தூரம் சென்றதும் வழிகாட்டி கையை நீட்டினார். பாறைகளுக்கு நடுவே நீண்டு கிடந்தது ஒரு கல். பாறைக்கு நேர்கோடு ஏது? அதன் விளிம்போ நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. பாசி மூடிய தூண். எத்தனை நேரம் அதன் மேலே மிதந்தேனோ அறியேன். வழிகாட்டி என் மானியைத் தட்டிக் காட்டினார்: முள் 50ஐத் தொட்டிருந்தது.

மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தபோது மருமகன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். தரிப்போடு சேர்த்து 32 நிமிடம்.

"அடியில் மட்டும் நாற்பத்தைந்து என்றல்லவா எழுதினீர்கள்?"

தூணைக் கண்ட மனிதன் நிமிடத்திற்கு எத்தனை லீற்றர் இழுப்பான் என்பதைக் கணக்கிற் சேர்க்க மறந்துவிட்டேன்.

படகு விரிகுடாவுக்குத் திரும்பும்வரை அவன் கேள்விமேற் கேள்வி கேட்டான். தூண் சதுரமா, எண்பட்டையா? எவ்வளவு நீளம்? செதுக்கல் இருந்ததா? பாசியின் கீழ் ஏதோ இருந்தது, துடைக்கவில்லை என்றேன். "நல்லது" என்றான், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு மலையுச்சிக் கோயிலைப் பார்த்தபடி இருந்தான்.

அன்று மாலை அக்காவுக்கு முன்னால் அமர்ந்து, நான் சொல்லச் சொல்ல அந்தத் தூணை ஒரு கடதாசியில் வரைந்தான். மறுநாள் கட்டுநாயக்காவுக்குப் புறப்படும்போது அக்கடதாசியைப் பெட்டிக்குள் வைத்ததைக் கண்டேன். அதன் பின்புறத்தில் என் காற்றுக் கணக்கு இருந்தது.