தப்போசையும் கருவியின் தப்பும்

ஓசையையும் காலத்தையும் பிரித்தல் எளிதன்று என்பதை இசைத்தட்டுக் காலத்து இரசிகர் நன்கறிவர். நிமிடத்துக்கு 78 தடவை சுழலவேண்டிய தட்டு மெதுவாகச் சுழலுமாயின் பாட்டு நீளும். கூடவே சுருதியும் இறங்கும். சுருதி மாறாது நேரத்தை மட்டும் நீட்டவியலுமா என்ற வினாவுக்கு விடை தேடியோருள் டெனிஸ் காபர் குறிப்பிடத்தக்கவர். ஓசையை மிகச் சிறு மணிகளின் தொடராகக் கொள்ளலாம் என்ற கருத்தை அவர் 1946 இல் முன்வைத்தார். மணிகளை நீட்டாது, ஒவ்வொன்றையும் இருமுறை ஒலிக்கச் செய்தால் நேரம் இரட்டிக்கும், சுருதியோ நிலைத்துநிற்கும்.

1980களின் இறுதியில் அக்காய் நிறுவனத்தின் சாம்பிளர் எனப்படும் ஒலிமாதிரிக் கருவிகள் இவ்வழியைக் கைக்கொண்டன. 1988 இல் வெளிவந்த எஸ்1000 கருவியின் அடிப்படை நினைவகம் 2 மெகாபைற்று மாத்திரமே. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் வீதம் ஒற்றைத்தடத்தில் பதிந்தால் ஏறத்தாழ 24 செக்கன் ஓசையே அதனுள் அடங்கும். கணிக்கும் ஆற்றலும் குறைவாதலால், கருவி ஓசையின் இயல்பை ஆராயவில்லை. குறித்த ஒரே அளவில் அதனைத் துண்டாடி, வேண்டியவளவு திருப்பி ஒலித்தது. துண்டு 20 மில்லிசெக்கனாயின் செக்கனுக்கு 50 மூட்டுகள் வரும். அம்மூட்டுகளே உலோகத்தை உரசினாற்போன்ற இரைச்சலாகக் கேட்கும். நான்கு மடங்கு நீட்டும்போது, துண்டொன்றினுள் அகப்பட்ட ஓரடி நான்கடியாகப் படபடக்கும்.

1990களின் முற்பகுதியில் இலண்டனில் 'ஜங்கிள்' இசை படைத்தோர் இக்குறையை அணியாக்கினர். அவர்கள் பெரிதும் வெட்டியொட்டிய முழவோசை, வின்ஸ்டன்ஸ் குழுவினரின் 'அமென், பிரதர்' என்னும் 1969 ஆம் ஆண்டு இசைத்தட்டிலுள்ள சில செக்கன் தனியடியாகும். உலகெங்கும் எண்ணற்ற பாடல்களில் அது மீள ஒலித்தது. அதை வாசித்த கிரெகரி கோல்மனோ அதற்கெனப் பங்குத்தொகை எதுவும் பெறாமலே 2006 இல் மறைந்தார்.

இன்றைய கணினி மென்பொருள்கள் மூட்டுத் தெரியாது நேரத்தை நீட்ட வல்லன. அவ்வாறிருக்க, பழைய கருவியின் பழுதை மீண்டும் உண்டாக்க இளைஞர் முயல்வது ஏன்? பழமை மோகம் என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால், ஹுன்னஸ்கிரியவைச் சேர்ந்த மாணவன் ஒருவனின் அனுபவம் வேறொரு விடையைத் தருகின்றது.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், தெல்தெனியாவுக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்தது ஹுன்னஸ்கிரிய. அங்குள்ள தோட்டமொன்றில் அவனுடைய தாத்தா தப்படிப்பவராக இருந்தார். விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியதும், காமன் கூத்தை ஆட்டுவித்ததும், இறந்தோரை வழியனுப்பியதும் மலையகத்தில் தப்பே. ஆயினும் அதனை அடித்த கைகளுக்குச் சமூகம் அளித்தது இழிவையே. அவ்விழிவு தம்மோடு ஒழியட்டும் என்று தந்தையார் தப்பைத் தொடவேயில்லை. தாத்தா மறைந்தபின் எஞ்சியது, கூத்துக் களரியில் யாரோ பழைய கைத்தொலைபேசியில் பிடித்த 14 செக்கன் பதிவொன்றுதான்.

பேரன் அப்பதிவை ஒரு நிமிடமாக்க விரும்பினான். முதலில் புதிய மென்பொருளொன்றைப் பயன்படுத்தினான். ஓசை வழுவழுப்பாக நீண்டது. ஆனால் மெல்லிய குச்சியின் சுளீரென்ற வெட்டு மழுங்கி, தீயிற் காய்ச்சாத ஈரத்தோலில் அடித்தாற்போலாயிற்று. கருவி தான் ஊகித்த ஓசைகளால் இடைவெளிகளை நிரப்பியிருந்தது. அக்காய் கருவி வாங்க வசதியற்ற அவன், அதன் முறையைக் கணினியிலே கையால் செய்தான். பதிவை 60 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நான்குமுறை அடுக்கி, மூட்டுகளை மட்டும் சற்றே ஒன்றோடொன்று கலந்தான். எஸ்950 கருவியைப் போன்று ஒலியளவை 12 பிற்றுக்கு, அதாவது 4,096 படிகளுக்குக் குறைத்தான். அடிகள் படபடத்தன, மூட்டுகள் இரைந்தன, எனினும் ஒவ்வோர் அடியின் வெட்டும் சிதையாது நின்றது.

நெடுநாள் தயங்கியபின் தந்தையாருக்கு அதனைப் போட்டுக் காட்டினான். அவர் இறுதிவரை கேட்டுவிட்டு, "தாத்தா இப்படி அடிக்க மாட்டாருடா, ஆனா கை அவரோடதுதான்" என்றார். தந்தையின் பெயரோடு தப்பையும் சேர்த்து அவர் பேசியதை அவன் அதற்குமுன் கேட்டதில்லை.

அக்கூற்றில் பழைய முறையின் சிறப்பு முழுதும் அடங்கியிருக்கின்றது எனலாம். மூட்டுத் தெரியாத நீட்சி, இல்லாத ஒரு நிமிட வாசிப்பை இருந்ததாக நம்பச் செய்யும். பழைய நீட்சியோ, தான் நீட்டப்பட்டதை ஒவ்வொரு மூட்டிலும் ஒப்புக்கொள்கின்றது. எஞ்சியது 14 செக்கனே என்பதையும், மற்றவை கேட்பாரின்றிக் காற்றோடு போயின என்பதையும் அது மறைப்பதில்லை. இழப்பை இழப்பாகவே காட்டும் அந்நேர்மைக்காக அதன் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆயின் நேர்மை ஓசையோடு நின்றுவிடலாகாது. கோல்மனின் முழவு உலகெங்கும் ஒலித்தபோதும் கேட்டவருட் பெரும்பாலார் அவர் பெயரை அறியார். அம்மாணவன் தன் பதிவின் தலைப்பில் தாத்தாவின் முழுப்பெயரையும், அதன்கீழ் "தப்பு, 14 செக்கன்" என்பதையும் எழுதினான். தன் பெயரை அதற்கும் கீழே இட்டான்.