டிஸ்க்கிலேயே எழுதியிருந்தது

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் என் அக்கா மகன் சைக்கிளோடு விழுந்து காலர்போன் முறிந்ததற்கு நான்தான் காரணம். பிரேக் சாமானைத் தேர்ந்தெடுத்தவன் நான். வேண்டாம் என்று சொல்லியும் மாட்டச் சொன்னவன் நான். பழியை மட்டும் கோவையில் ஒரு சைக்கிள் கடை மெக்கானிக் மேல் போட்டேன். அவர் அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவன் நான்.

என்னுடையது ஹார்டுடெயில். முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க், பின்னால் ஒன்றும் கிடையாது. வாங்கும்போதே முன்னும் பின்னும் 160 மி.மீ. டிஸ்க்கும், இரண்டு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக்கும் இருந்தன. ஊருக்குள் ஓட்ட அது தாராளம். கையில் பணம் சேர்ந்ததும் முதலில் ஃபோர்க்கை மாற்றினேன், பிறகு கார்பன் ஹேண்டில்பார் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகக் கிளம்பும்போது மற்றவர்கள் குனிந்து பார்த்து விலை கேட்பது அவற்றைத்தான். பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் அதற்குச் செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. பேட் தேய்ந்தபோது மட்டும், மெட்டல் பேட் நாள்பட வரும், மழையிலும் பிடிக்கும் என்று படித்துவிட்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "அண்ணா, இந்த டிஸ்க்குக்கு மெட்டல் பேட் போடக்கூடாதுங்க. டிஸ்க்குலயே எழுதியிருக்குது பாருங்க. போட்டா டிஸ்க்கத் தின்னுரும்" என்றார். மலைக்குப் போவதாக இருந்தால் முன்னால் 180 போட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். "நான் எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க மாட்டுங்க" என்றேன். படித்தது உண்மை, அந்த எழுத்தைக் குனிந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை. என்னைவிட இருபது வயது இளையவர், கையெல்லாம் கிரீஸ். இவர் எனக்குச் சொல்லித் தருவதா என்று நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அந்த நேரத்தில் மனதில் ஓடியது அதுதான்.

அந்த டிஸ்க்கில் இருந்தது 'ரெசின் பேட் ஒன்லி' என்ற வாசகம். ஷிமானோவின் விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றில் இது பொறித்தே வருகிறது. ரெசின் பேடுக்கென்று செய்த டிஸ்க்கின் எஃகு, உலோகத் தூளை அழுத்திச் செய்த பேடின் உராய்வைத் தாங்காது. புதிதாக 1.8 மி.மீ. கனம் இருக்கும், 1.5க்கு வந்துவிட்டால் கழற்றிவிட வேண்டும். டிஸ்க் மெலிய மெலியச் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பும் குறைகிறது. போதாததற்கு மெட்டல் பேட், ரெசின் பேடைவிட அதிகமாகச் சூட்டை, பேடை அழுத்தும் காலிப்பருக்கும் அதற்குள் இருக்கும் ஆயிலுக்கும் கடத்தும்.

அந்தச் சாலையில் சூடு எவ்வளவு என்பதைப் பிறகுதான் கணக்குப் போட்டேன். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 33 கிலோமீட்டர் தள்ளி மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரில். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், இறங்கி முடிப்பதற்குள் ஏறக்குறைய 11 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கிட்டத்தட்ட மூன்றரை லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பயந்து பயந்து மெதுவாக இறங்குகிறவனுக்கு மீதியெல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். 160க்குப் பதில் 180 போட்டால் அதே விரல் அழுத்தத்துக்குப் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு கூடும். 203 போட்டால் கால் பங்குக்கும் மேல். சூடு ஆற இடமும் கூடுதல். மெக்கானிக் சொன்ன 180க்கு இதுதான் பொருள். எடை கூடும் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். கூடுவது சில பத்து கிராம்.

இன்னொன்றும் செய்தேன். மருமகனிடம் சைக்கிளைக் கொடுக்கும்போது, "முன் பிரேக்கைத் தொடாதடா, குப்புற அடிச்சுரும்" என்றேன். சிறுவயதில் எனக்குச் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். இறக்கத்தில் உடம்பின் பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின்டயர் தரையை லேசாகத்தான் தொடுகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு விரலால் அதைப் பதமாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவன் பின் பிரேக்கை மட்டும், விட்டு விட்டுப் பிடிக்காமல், வழிநெடுக அமுக்கிக்கொண்டே வந்தான்.

அன்று காலை டீக்கடையில் நான் அவனுக்குச் சொன்ன கதை வேறு இருக்கிறது. 1976இல் கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலையில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் இறக்கப் பந்தயம் தொடங்கினார்கள். பல வண்டிகளுக்குப் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் கோஸ்டர் பிரேக் மட்டும்தான். கீழே வருவதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இதை ரசித்துச் சொல்லிவிட்டு, பின் பிரேக்கை மட்டும் நம்பச் சொல்லி அவனை இறக்கத்தில் அனுப்பினேன். கதை தெரிந்திருந்தது. அது எனக்கும் சொல்லப்பட்டது என்று தோன்றவில்லை.

நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். "மாமா, பிரேக் புடிக்கல" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். லீவர் ஹேண்டில்பாரோடு ஒட்டிவிட்டதாகப் பிறகு சொன்னான். வளைவில் பள்ளத்துப் பக்கம் போகாமல், மலையோரச் சாக்கடைக்குள் வண்டியைத் திருப்பினான். அந்த யோசனை அவனுடையது. ஹெல்மெட் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டாள், "எப்படிடா ஆச்சு?" நான், "கடைக்காரன் பிரேக்கைச் சரியா மாட்டல" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்னபிறகு திருத்தவும் இல்லை. மச்சான் மறுநாள் கடைக்குப் போய், வந்திருந்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் மெக்கானிக்கைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான், கடையில் தொங்கிய டயர்களைப் பார்த்தேன். அன்றிரவு பின் டிஸ்க்கைக் கழற்றி வெர்னியர் வைத்தேன்: 1.3 மி.மீ. எஃகு நீலம் பாய்ந்திருந்தது. அதன்மேல் அந்த எழுத்து இன்னும் படிக்கும்படிதான் இருந்தது.

மெக்கானிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. கேட்டுக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. இந்த முறை அவர் சொன்னபடியே எல்லாம். ஃபோர்க் எந்த அளவு வரை தாங்கும், பின்னால் ஃப்ரேமில் எது வரை இடம் இருக்கிறது என்று முதலில் பார்த்தார். முன்னால் 203, பின்னால் 180, அதற்கேற்ற அடாப்டர், மெட்டல் பேட் தாங்கும் டிஸ்க், முன்னால் நான்கு பிஸ்டன் காலிப்பர். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஆயிலை ஊற்றினால் சீல் கெட்டுவிடும் என்று கேனின் மேல் மார்க்கரில் எழுதியே கொடுத்தார். புது டிஸ்க்கில் பேட் படிவதற்காக, வேகமெடுத்து, முழுக்க நிறுத்தாமல் பதமாகப் பிடித்து விடுவதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன்.

மருமகனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்காவிடமும் மச்சானிடமும் இதுவரை சொல்லவில்லை. இதை முதலில் அவர்களிடம்தான் படித்துக் காட்டப் போகிறேன். அதன்பிறகு மச்சானைக் கூட்டிக்கொண்டு, அவர் திட்டிய அதே கடைக்கு, ஆள் வந்து போகிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.